இரண்டாம் ஜாய்ஸ்டிக்கில் ஊதுகிறவன்

மழை விட்டபாடில்லை. ஒசாகாவில் நிப்போன்பாஷியின் பின்சந்தில், அந்தப் பழைய கட்டடத்தின் வாசலில் குடையை உதறிவிட்டு மாடியேறினான் செகவா நொபுதெரு. மேலே மிகுனி அம்மாளின் பழைய வீடியோ கேம் கடை. படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை விட்டு நகர முடியாமல் சொந்த ஊரான தொத்தோரியிலேயே கிடந்தவன், வருஷக்கணக்கில் ஒசாகா பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது வந்ததும் கிதோவுக்காகத்தான். கிதோ போன மாதம் செத்துப்போனான்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளிகள். சின்ன வயதில் இருவரும் கட்டிப்புரண்டு விளையாடிய அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியில் ஓடுகிற மாதிரி, புத்தம் புதிதாக ஒரு கேசட் செய்ய வேண்டும் என்று வெறி. கேமை எழுதுவது கிதோ. உள்ளே வைக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைத்து ஊரிலிருந்து அனுப்புவது நொபுதெரு. “ரெண்டு பேர் பேரும் திரையில வரும்டா நொபு” என்பான் கிதோ. ஒவ்வொரு பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் வரும்: “எல்லாம் கருகிப்போச்சுடா. கேமும் இன்னும் முடியல. இன்னும் கொஞ்சம் போர்டு அனுப்பேன்.” நொபுதெருவும் அப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி உட்காருவான். பாவம், முடிக்காமலே போய்விட்டானே, மிச்சத்தை நாமாவது முடிப்போம், கிதோ புழங்கிய கடையில் கேட்டால் ஏதாவது கிடைக்கும் என்றுதான் இன்று கிளம்பி வந்திருந்தான்.

கடைக்குள் பழைய பிளாஸ்டிக் வாடை. அதற்குமேல் ஊதுவத்தி வாடை.

மூலையில் ஒரு குண்டு டிவி, அதன் முன்னால் விளையாட்டுப் பெட்டி. பெட்டியில் சொருகியிருந்த கேசட்டில் ‘மூடுபனி விளக்கு’ என்று எழுதியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பெயர். பக்கத்தில் ஆவி பறக்க ஒரு கோப்பைத் தேநீர்.

“இது... கிதோ செஞ்சதா?”

“பின்னே? வந்த அன்னைக்கே அத்தனையும் காலி. இதத் தர மாட்டேன், கேக்காதீங்க” என்றாள் மிகுனி அம்மாள். அறுபதைத் தாண்டியும் குரலில் கணீர் குறையவில்லை.

“முடிச்சுட்டானா?”

“எப்பவோ முடிச்சாச்சே! எந்தக் காட்டுலேர்ந்து வர்றீங்க ஐயா?”

“அப்ப ஊதுவத்தி... கிதோவுக்கா?”

“அவனுக்கு அவன் வீட்ல ஏத்துவாங்க. இது அவனோட கூட்டாளிக்கு. போர்டு செஞ்ச மனுஷன், பாதியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரு. செகவான்னு பேரு.”

அவள் பெட்டியின் பொத்தானைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘காலமான என் நண்பன் செகவா நொபுதெருவின் நினைவுக்கு.’

“கிதோ இத அழுதுக்கிட்டே சொன்னான். கடையே அழுதுச்சு. வந்தவங்க ஆளுக்கு ரெண்டு மூணுன்னு அள்ளிக்கிட்டுப் போனாங்க.”

நொபுதெரு பெட்டி முன்னால் குனிந்தான். பெட்டியை அணைத்து, கேசட்டை உருவி, பையிலிருந்த திருப்புளியால் அங்கேயே பிரித்தான். “ஐயையோ, என்ன பண்றீங்க!” என்று கத்தினாள் அவள். போர்டின் ஓரத்தில் அவன் வழக்கமாக வைக்கும் ஒற்றை ஈயப்பொட்டு பளபளத்தது. கருகவில்லை. எதுவுமே கருகவில்லை.

சண்டாளன்! உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்து விற்றிருக்கிறான். போனில் ஒவ்வொரு முறையும் “அப்பா எப்படி இருக்காரு?” என்று வேறு கேட்டானே! அதை நினைத்ததும் நொபுதெருவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான்தாம்மா செகவா.”

“செத்தவங்க பேர்ல விளையாடாதீங்க.”

அவன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேஜையில் போட்டான். அவள் படித்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்போ ஊதறது யாரு?” என்றாள் மிக மெதுவாக.

“என்னது?”

அந்தப் பெட்டிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். இரண்டாவதில் மட்டும் குட்டியாக ஒரு மைக் உண்டு, அதில் பேசினால் டிவியில் கேட்கும். கிதோவின் கேமில் முதல் ஆள் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டாவது ஆள் மைக்கில் ஊதிப் பனியை விலக்க வேண்டும்.

“தனியா ஆடினாலும் யாரோ ஊதறாங்க. செகவா வந்துட்டாரு, தொணைக்கு வந்துட்டாருன்னு எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அதான் டீ வைக்கிறேன். ஒருதடவ கிதோ இருக்கும்போதே ஊதுச்சு. நாங்க கை தட்டினோம். அவன் மூஞ்சி வெளிறிப்போச்சு. ஏன்னு இப்பத்தான் புரியுது. அவன் செத்துக் கெடந்தப்ப டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சாம். ரெண்டாவது ஜாய்ஸ்டிக் அவன் நெஞ்சு மேல இருந்துச்சாம்.”

“கட்டுக்கதை” என்றான் நொபுதெரு. ஆனாலும் கேசட்டை மூடி மறுபடி சொருகி, பொத்தானைத் தட்டினான்.

திரையில் பனி. நடுவில் சின்ன விளக்கோடு ஒருவன் நின்றான். இரண்டாவது ஜாய்ஸ்டிக் தரையில் தனியாகக் கிடந்தது.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு டிவியிலிருந்து வந்தது. ஃபூ...

பனி விலகியது.

ஈயப்புகை வாடை குப்பென்று அடித்தது. அவன் போர்டு செய்யும் வீட்டு மேஜையின் அதே வாடை.

ஃபூ...

பயத்தை ஆத்திரம் முந்திக்கொண்டது. ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி மைக்கில் வாயை வைத்துக் கத்தினான். “யாரு நீ? என் பேர விடு!”

அவன் குரல் டிவியில் இரைந்தது. “யாரு நீ? என் பேர விடு!”

அவன் வாயை மூடினான்.

“என் பேர விடு” என்றது டிவி, இன்னொரு தடவை. அவன் குரலில். கொஞ்சம் நிதானமாக, பழகிப்பார்க்கிற மாதிரி.

நொபுதெரு கேசட்டைப் பிடுங்கி எறிந்தான். டிவியின் மின்கம்பியையும் உருவினான். திரை இருண்டது. மிகுனி அம்மாள் படபடப்போடு போனை எடுத்தாள்.

“இருங்க, இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன். நீங்க உயிரோட இருக்கீங்க, கிதோ புளுகிட்டான்னு. நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்க, அப்பத்தான் நம்புவாங்க.” எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். அவள் போனை நீட்டினாள். “பேசுங்க செகவா ஐயா.”

அவன் வாயைத் திறந்தான்.

ஃபூ... வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான். காற்று.

“என்ன ஐயா ஆச்சு? பேசுங்களேன்! நீங்கதானே செகவா?”

“ஆமாம்மா” என்றது, கம்பி உருவிய டிவி. “நான்தான் செகவா. டீ ஆறிடுச்சு பாருங்க.”