கடப்பு இருந்த இடம்

அன்று நோன்பு திறக்கச் சற்று முந்தி, புது மதிலில் சத்தம் கேட்டது. கோப்பையைக் கரண்டியால் தட்டுகிற சத்தம்.

அந்த இடத்தில்தான் முன்பு கிடுகு வேலியில் ஆள் நுழையும் கடப்பு இருந்தது. கடற்பக்கத்து வளவில் தனியே வாழும் ஸைனம்பு ராத்தா, ஒவ்வொரு நோன்பிலும் அங்கே நின்று அப்படித்தான் தட்டுவாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நதீரா அதில் கஞ்சி ஊற்றுவாள். இரண்டு வார்த்தை கதைப்பார்கள்.

சவூதியிலிருந்து லீவில் வந்த நதீராவின் கணவர் ஷரிபுதீன், வேலியைப் பிடுங்கி ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பினார். ஜன்னல்களையும் பிறர் கண் படாத உயரத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் போனார். தனியே இருக்கும் மனைவிக்குக் காவல் என்றுதான் நினைத்தார்.

அதன்பிறகு கடற்காற்று உள்ளே வரவில்லை. காயாத சீமெந்தின் மணம் பாயிலும் தலையணையிலும் ஏறி, பகலிலேயே இருண்டு கிடந்த அறைகளில் அவள் இருமினால், அது சுவரில் பட்டு வேறு யாரோ இருமுவதுபோலத் திரும்பி வந்தது. நதீரா மெல்ல நடக்கப் பழகினாள். பிறகு கதைக்காமலிருக்கப் பழகினாள். ராத்தாவிடம் போக இனி வெளியே இறங்கி ஒழுங்கை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள்.

"நாளைக்கு வாறன் ராத்தா," என்று அன்றும் மதிலைப் பார்த்துச் சொன்னாள்.

தட்டல் மட்டும்.

மறுநாளும் கேட்டது. தாழ்வாக, நிலத்தோடு ஒட்டி. நோன்பு மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கு பூட்டப்படும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவைத் தாழிட்டாள்.

அடுத்த நாள் காலையில் மீன்காரர் கச்சிமுகம்மது சைக்கிளை வாசலில் நிறுத்திக் கூப்பிட்டார்.

"ஸைனம்பு ராத்தா மவுத்தாம் புள்ள. மதிலடியில விழுந்து கிடந்திருக்கா, கையில கோப்பையோட. ரெண்டு நாளாச்சாம். ஒங்களுக்கு ஒண்டும் கேக்கல்லியா?"

"நேத்தும் தட்டினாவே."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அஸர் தொழுகைக்குப் பின் அடக்கினார்கள். நதீரா அழுதாள். ராத்தாவுக்காகக் கையேந்தி துஆக் கேட்டாள். கஞ்சி காய்ச்சினாள். கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தது.

பாங்கு ஒலித்தது.

டக்.

சட்டியோடு வெளியே வந்தாள். மதில் முழுதாக நின்றது. ஒரு வெடிப்பும் இல்லை. கடப்பு இருந்த இடத்தில், சீமெந்திலிருந்து, ஒரு கை. கபுறுக் குழியின் மண் ஒட்டிய விரல்கள். வெறுங்கோப்பை.

நதீரா சட்டியைச் சரித்தாள்.

ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே நின்றாள்.

கோப்பை நிறையவில்லை.