ஒன்பதாவது ஈயக்குண்டு

ஏரிக்கரையின் ஏழாம் தூண்டில் மேடைப் பலகையில், தூண்டில் நூலில் கட்டுகிற ஓர் ஈயக்குண்டு கிடந்தது. இரவில் மழை இல்லை, பலகை காய்ந்திருந்தது. குண்டு மட்டும் இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்தது போல நனைந்து, தன்னைச் சுற்றிச் சின்னதாய் ஓர் ஈர வட்டம் போட்டிருந்தது. டெரிக் தூண்டில் பைகளை இறக்கிவிட்டுக் குனிந்து அதை எடுத்தான். பின்புறம் ஒரு கீறல். கார் கொட்டகையில் அவனே ஈயம் உருக்கி வார்க்கிற அச்சில் உள்ள குறை அது. இங்கிலாந்து முழுக்கச் சலித்தாலும் வேறு எவன் குண்டிலும் அந்தக் கீறல் இருக்காது.

"அண்ணே, இடம் எப்படி?" நாணல் புதருக்கு அந்தப் பக்கம், எட்டாம் மேடையிலிருந்து தம்பி லெனி கேட்டான்.

"நல்லாத்தான்டா இருக்கு," என்றான் டெரிக். குண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எப்போதோ நூல் அறுந்து போனதை யாரோ கண்டெடுத்து வைத்திருப்பார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான்.

ஒரு வருடமாக அவன் ஹாலோமியர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்று ஏரிகள், நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு குடிசை, சுற்றிலும் உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கறுப்பு வயல்கள். லெனி மட்டும் கேட்டிருக்காவிட்டால் இன்றைக்கும் வந்திருக்க மாட்டான். வசந்த காலத்தில் லெனியின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைத் தைத்து மூடினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: குடிசைச் சுவரில் அண்ணன் படம் மாட்டியிருக்கிற ஏரியில் ஒரு நாள், அண்ணன் பக்கத்தில். ஆஸ்பத்திரித் தாதிகளிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தான். வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலும் அதே படம்தான். டெரிக் மண்டியிட்டு, ஏரியின் மூத்த கெண்டையான சீமாட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தி, அவள் வயிறு தெரிய லேசாகச் சாய்த்துப் பிடித்துச் சிரிக்கிறான். கீழே ஏரிக் காவல்காரர் ஹோரஸின் கையெழுத்து: முப்பத்தொன்று பவுண்டு, நாலு அவுன்ஸ். ஹாலோமியரில் அதற்கு மேல் யாரும் பிடித்ததில்லை.

ஹோரஸை இன்னும் காணோம். இங்கே நாள் சீட்டை முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. கழியைப் போட்டு உட்கார்ந்தால் போதும், எட்டரைக்கெல்லாம் அவர் இருமிக்கொண்டே கரையைச் சுற்றிவந்து கிழித்துக் கொடுப்பார். பனியானாலும் புயலானாலும் அந்த இருமல் தவறியதில்லை. இன்றைக்குப் பத்தாகிவிட்டது. காலையில் வரும்போது குடிசையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தார்கள், கதவு மூடியிருந்தது.

டெரிக் தக்கையைப் பார்த்தபடி, பழக்க தோஷத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காலடித் தண்ணீரிலேயே ஒரு கை மீன்மாவுத் தீனி உருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். மீன்மாவின் இனிப்பு நாற்றம் விரல்களில் ஏறியது. கரையோரம் காலை முதல் ஊட்டு, ஆனால் அங்கே தூண்டில் போடாதே, கடைசி ஒரு மணி நேரம் வரை பொறு. வெளிச்சம் குறையும்போது பெரியது தானாக உன் கால்மாட்டுக்கு வரும். லெனிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். நாணலுக்கு அப்பால் லெனி போடும் தீனியும் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு லெனி ஒரு மீன் பிடித்தான். வலையில் அது துள்ளும் சத்தம், அவன் மூச்சிரைப்பு, பிறகு பலகையில் ஏதோ கனமாக விழுந்து உருளும் சத்தம்.

"அண்ணே, வேடிக்கையைக் கேளு. முள்ளை எடுக்கலாம்னு வாயைத் திறந்தா ஈயக்குண்டைத் துப்புது. உன் குண்டுதான், பின்னாடி கீறல் இருக்கு பாரு. மீனுக்கெல்லாம் ஈயத்தையா ஊட்டுவே?"

சிரித்தான். சிரித்தால் தையல் போட்ட நெஞ்சு வலிக்கும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். டெரிக்கால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அவன் ஊட்டியிருந்தான். சீமாட்டிக்கு. சென்ற நவம்பரில், இதே மேடையில். தனியாகத் தூக்கிப் பார்த்தபோது அவள் ஏரியின் பழைய சாதனை மீனிடம் அரைப் பவுண்டுக்கும் குறைந்த எடையில் தோற்றாள். ஹோரஸ் தராசோடு வந்துசேரக் கால் மணி நேரம் இருந்தது. கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் இருக்கும், நத்தையை ஓட்டோடு நொறுக்குகிற பல். அவள் திமிறினாள். அவன் முழங்காலால் அவள் விலாவை அழுத்தினான். ஒவ்வொரு குண்டாக வாய்க்குள் வைத்து, கைவலையின் காம்பால் குத்தி இறக்கினான். தொண்டைப் பல் ஒன்று உடைந்து தெறித்தது. செவுளிலிருந்து ரத்தம், பிடித்த மீனைக் கிடத்துகிற பாயில் வழிந்தது. ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவினான். ஒன்பது குண்டுகள். கிழிந்த உதட்டுக்கு, ஏரி விதிப்படி, மீன் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தும் தடவினான்.

ஹோரஸ் தூக்கியபோது அவளுக்குள் ஈயம் ஈயத்தோடு இடித்துக் கிளுக்கென்றது. அவர் டெரிக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நாள் அவள் வயிறு மேலாக மிதந்தாள். நீர்நாய் கடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி, குடிசைக்குப் பின்னால் புதைத்ததும் அவர்தான்.

டெரிக் தன் தூண்டில் பெட்டியைத் திறந்தான். ஊதா மருந்துப் புட்டி மூடியில்லாமல் கிடந்தது. காலையில் நிறைந்திருந்த புட்டி இப்போது பாதி. பெட்டியின் விளிம்பில் ஈரம்.

கிளம்ப வேண்டும். லெனியை இங்கிருந்து கூட்டிப்போக வேண்டும். வேறெதுவும் முக்கியமில்லை. எழுந்து நாணலை விலக்கி எட்டிப் பார்த்தான். லெனி தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எட்டு மாதமாக வெளுத்துக் கிடந்த முகத்தில் இன்றைக்குத்தான் நிறம் வந்திருந்தது. மழை வரும் போலிருக்கிறது, குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது என்று டெரிக் என்னென்னவோ சப்பைக்கட்டு கட்டினான்.

"மழையாவது மண்ணாவது. காலைலேருந்து கரையோரம் ஊட்டிவச்சிருக்கேன். கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுட்டு வரச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"சொன்னா கேளுடா."

"காரணம் சொல்லு, கேக்கறேன்."

லெனி திரும்பி நேராக அவன் முகத்தைப் பார்த்தான். சொல்லியிருந்தால் வந்திருப்பான். கோபப்பட்டிருப்பான், அழுதுகூட இருப்பான், ஆனால் பைகளைக் கட்டிக்கொண்டு வந்திருப்பான். டெரிக் வாயைத் திறந்தான். குளிர்பெட்டிக் கதவில் சிரிக்கிற அந்தப் படம் கண்முன் வந்து நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல. இரு," என்றான்.

பெட்டிமேல் வைத்திருந்த ரொட்டியையும் பன்றிக்கறியையும் எடுத்துத் தின்றான். பசியில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கடைசிக் கடியில் கீழுதட்டின் உள்பக்கம் சுருக்கென்றது. ரொட்டியின் காய்ந்த விளிம்பு கீறிவிட்டதாக நினைத்து ரத்தத்தைத் துப்பினான்.

மூன்றரைக்கே வெளிச்சம் வற்றத் தொடங்கியது. வயல்களின் மேலிருந்து மூடுபனி இறங்கி ஏரியை எட்டியது. நீர்க்கோழிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்க, அழுகிய நாணலின் வாடையும் மீன்மாவின் இனிப்பும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. ஹோரஸைக் கூட்டிவந்தால் ஏரியை மூடுகிறேன் என்று அவரே சொல்லிவிடுவார், உண்மையைச் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று டெரிக்குக்கு யோசனை வந்தது. இப்போதும் தப்பிப்பதைத்தான் யோசித்தான். ஹோரஸைப் பார்த்துவிட்டு வருவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு நடந்தான். பாதையெல்லாம் சிலந்தி நூல். தாடையில் ஒன்று ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை தட்டிவிட்டாலும் அறுபடாமல் கூடவே வந்தது.

குடிசைக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. தரையெல்லாம் ஏரித் தண்ணீர்.

மீன் நிறுக்கும் மூன்று கால் சட்டத்தின் கொக்கியில் ஹோரஸ் தொங்கிக்கொண்டிருந்தார். எடை பார்க்கும் ஈரத் துணிக்குள் முழங்காலும் முகமும் ஒட்ட மடித்துச் செருகப்பட்டிருந்தார். அந்தத் துணிக்குள் அடக்க அவருடைய எலும்புகளை உடைக்க வேண்டியிருந்திருக்கிறது, துணியைத் துருத்திக்கொண்டு நின்ற முனைகளில் அது தெரிந்தது. மேலுதடு மூக்கு வரை கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரம் ஒழுங்காக, கொஞ்சமும் சிந்தாமல், ஊதா மருந்து தடவியிருந்தது.

டெரிக்கின் தோள் சட்டத்தில் இடித்தது. அவர் தலை சரிந்தது. வாயிலிருந்து ஒரு குண்டு தரையில் விழுந்தது. இன்னொன்று. இன்னும் இரண்டு. அவற்றோடு பற்கள்.

நாலு. லெனியிடம் ஒன்று. தன் பையில் ஒன்று.

மூன்று பாக்கி.

ஓடினான். சேறு காலைப் பிடித்து இழுத்தது, ஓடினான். உதடு விண்விண் என்று தெறித்தது. கரையோரம், ஐயோ, கரையோரத்தில் உட்கார்ந்திருப்பானே, காலைத் தொங்கப் போட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி.

"லெனி! தண்ணிய விட்டு எழுந்திருடா! மேல வா!"

பதில் இல்லை. எட்டாம் மேடையில் நாற்காலி. ஃபிளாஸ்க் மூடியில் இன்னும் ஆவி பறக்கும் தேநீர். தொப்பி. பலகையில் பத்து விரல்களும் இழுபட்ட பத்துக் கோடுகள் தண்ணீர் விளிம்பு வரை போயிருந்தன. ஒரு கோட்டின் முடிவில் நகம் ஒன்று பலகையில் குத்தி நின்றது.

அப்போதுதான் டெரிக்கின் நாக்கு அவிழ்ந்தது. யாருமில்லாத மேடையில் நின்று எல்லாவற்றையும் கத்தினான். படம் பொய் என்றான், ஒன்பது குண்டு என்றான், முழங்காலால் அழுத்தியதைச் சொன்னான், அவனை விட்டுவிடு, செய்தது நான், என்னை எடுத்துக்கொள் என்று மூடுபனியைப் பார்த்துக் கெஞ்சினான். கேட்க வேண்டியவன் மட்டும் அங்கே இல்லை.

கிளுக்.

சத்தம் ஏழாம் மேடைப் பக்கமிருந்து வந்தது. அவன் நாள் முழுக்க ஊட்டிய கரையோரத்திலிருந்து.

நாணலை விலக்கினான். முழங்கால் ஆழத் தண்ணீரில் அது மண்டியிட்டிருந்தது. அகலமாக, கறுப்பாக, செதில்கள் பாதி உதிர்ந்து, புதைத்த மண் இன்னும் ஒட்டியிருக்க. கை போல எதுவோ இரண்டு அதற்கு இருந்தன. அவற்றில் லெனியை ஏந்தியிருந்தது. ஒன்று கழுத்துக்கு அடியில், ஒன்று தொடைக்கு அடியில். அவன் வயிறு தெரிய லேசாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. படத்தில் டெரிக் பிடித்திருந்த அதே மாதிரி. யாரோ படம் எடுக்கட்டும் என்பது போலக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.

லெனிக்கு உயிர் இருந்தது. நெஞ்சுத் தையல் திறந்திருந்தது. உதட்டில் ஊதா. கண்கள் அலைந்து அண்ணனைக் கண்டுபிடித்தன. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுக்குள் இரண்டு குண்டுகள் இடித்துக்கொண்டன. கிளுக். கிளுக்.

பிறகு அது அவனைத் திரும்ப விட்டது. இங்கே பிடித்ததையெல்லாம் திரும்ப விட வேண்டும், அதுதான் விதி. மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கி, முகம் உள்ளே இருக்கும்படி நேராகத் தாங்கிப் பிடித்து, செவுள் அசையத் தொடங்கும் வரை பொறுத்திருப்பது போலப் பொறுத்திருந்தது. லெனியின் கால்கள் உதைத்தன. நெடுநேரம் உதைத்தன. அவை நின்றதும் கையை எடுத்தது. அவன் மூழ்கிப் போனான்.

ஓட வேண்டும். டெரிக் திரும்பினான்.

கீழுதடு இழுபட்டது. ரொட்டி கீறிய அதே இடத்தில். தாடையில் ஒட்டியிருந்த சிலந்தி நூல் விறைத்து, மூடுபனியில் ஒரு கோடாக மின்னி, தண்ணீருக்குள் போயிருந்தது. மத்தியானத்திலிருந்தே உதட்டில் தூண்டில் முள் இருந்திருக்கிறது. குடிசை வரை அது அவனை ஓட விட்டிருந்தது. இப்போது நூலைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. உதடு கிழியக் கிழிய அவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான், கத்த முடியாமல், ஏழாம் மேடைப் பலகை முழங்காலில் இடிக்கும் வரை.

பலகையில் அவனுடைய பாய் விரித்திருந்தது. நடுவில் ஓர் ஈயக்குண்டு. பக்கத்தில் கைவலை, காம்பு அவன் பக்கம் திரும்பியிருந்தது. கீழே தண்ணீரை மொள்ளும் சத்தம் கேட்டது. மீனின் தோல் காயாதபடி செய்வார்களே, அப்படி, அது பாயை ஓரம் வரை பொறுமையாக நனைத்துக்கொண்டிருந்தது.