தகட்டிலிருந்து விழுந்த முதல் சொட்டு

மழை பிடித்துக்கொண்டபோது செவிலிமேடு டவுன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பொன்னி தன் பையை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். சாரல் பையை நனைப்பதுகூடத் தெரியாமல்.

"பை நனையுதுபா. ஷட்டரை இறக்கத் தெரியாதா?"

பதறிப்போய் இறக்கினான். "ஸாரிங்க... உள்ள துணியா?"

"என் உயிரு."

உள்ளே இருந்தது உள்ளங்கை அகல எஃகுத் தகடு. அதில் முடியிழை போல நுண்ணிய தடங்கள், தடங்களின் சுவரெல்லாம் கோபால்ட் பூச்சு. ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவை அனுப்பினால் டீசல் போன்ற எண்ணெயாக மாறி வரவேண்டும். வந்ததே இல்லை. வெறும் மீத்தேன்தான் வந்தது. இந்தத் தடவையும் தோற்றால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார், அவளுடைய கைடு கமலாட்சி மேடம்.

இறங்கும்போது பையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஆனால் அந்தக் கண்கள்... சே, என்ன நினைப்பு இது.

மறுநாள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அதே கண்கள்.

"இவர் ஸ்ரீகர். சின்ன காஞ்சிபுரம்தான். சென்னையில இதே துறையில இருக்கார்," என்றார் மேடம்.

ஸ்ரீகர் வரைபடங்களைப் புரட்டினான். "சூடு வெளியே போகலை. தகட்டையே மாத்திச் செய்யணும்."

"இல்லீங்க. பூச்சு தடியா இருக்குது. ஹைட்ரஜன் பூச்சோட அடிவரைக்கும் ஓடிடுது, கார்பன் மோனாக்சைடு பின்தங்கிடுது. அதான் மீத்தேன்."

"சான்ஸே இல்லை," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு சுட்டது. அதன்பின் அவன் சென்னையிலிருந்து போன் செய்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. மணி அடிக்கும்போது நெஞ்சு மட்டும் துள்ளியது.

பழைய பூச்சை நீக்கி, மெல்லிசாகப் பூசினாள். வாயுவைத் திறந்தாள். வெப்பம் ஏறியது... ஏறியது... நின்றது. கண்ணாடிக் குடுவையில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கூடவே உண்டான தண்ணீரின் மேலே எண்ணெய் மினுமினுத்து மிதந்தது.

யோசிக்காமல் அவள் அழைத்த முதல் எண் ஸ்ரீகருடையது.

"வந்துடுச்சுங்க..."

"இதோ வரேன்."

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். குடுவையை முகர்ந்து பார்த்தான். "நான்தான் தப்பு, பொன்னி. அன்னைக்கே சென்னைக்குப் போய் கணக்குப் போட்டதும் தெரிஞ்சுடுத்து. அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

"அதுக்கு போனே போதுமே. எதுக்கு இப்டி நனைஞ்சுக்கினு வந்தீங்க?"

"இன்னொண்ணை போன்ல சொல்ல முடியாது..." குடுவையைக் கீழே வைத்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பொன்னிக்குக் காதெல்லாம் சுட்டது.

"எங்கப்பா கோவக்காரரு. எங்க ஊரு கூரத்துக்கு வந்து அவர்கிட்ட கேப்பீங்களா?"

"இப்பவே போலாமா?"

"மழை விடட்டும்..." என்றவள், தலை நிமிராமலே சொன்னாள். "எனக்கும் பிடிச்சிருக்குது."