ஆறு மணித் தண்ணீர்

இருபத்தோராவது நாளாகப் படுக்கையறையின் மேற்குச் சுவர் ஈரமாகவே இருந்தது. புதுப் பெயிண்டின் நெடியையும் மீறி, முதல் மழைக்குக் காட்டிலிருந்து கிளம்புமே, அந்த மண் வாசனை அறை முழுக்க நின்றது. சிமெண்டுக் கல்லில் கட்டிய சுவருக்குள் மண் ஏது?

"மூணு வாட்டி பட்டி பாத்துட்டனுங்க," என்றார் பெயிண்டர் ரவிக்குமார். "அந்தப் பக்கம் பைப்பு இல்லீங்க. பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு கைகூட நுழையாதுங்க. தண்ணி எங்கிருந்துதான் வருதோ!"

வீட்டுக்காரன் மனோஜ்குமார் ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தான்.

கோயம்புத்தூரில் அவன் வாங்கியது முக்கோண மனை. அதன் கூர்முனையில் ராசாத்தாளின் மண்வீடு, ஒன்றரை சென்ட். அது சேர்ந்தால்தான் பிளானில் படுக்கையறை வரும். விற்க மாட்டேன் என்றாள் கிழவி. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹோஸைப் பிடித்தான். தான் கட்டிக்கொண்டிருந்த புதுச் சுவரை நனைக்கிற சாக்கில் அவள் சுவரை நனைத்தான்.

"ஏனுங்க தம்பி, இது மண்ணு செவுருங்க. ஊறுனா நிக்காதுங்க."

"கியூரிங் பண்றனுங்க ஆத்தா. நல்லா நனஞ்சாத்தானுங்க செவுரு கெட்டியாகும்."

கழுத்தை அறுக்கும்போதும் 'ங்க' போடத் தவறாத மரியாதை! எறும்பு ஊரக் கல்லே தேயும்போது மண்சுவர் எம்மாத்திரம்? இருபத்தோராம் நாள் அவள் படுத்திருந்தபோது சுவர் மேலே விழுந்தது. அவள் செத்துப்போனாள்; மழையில் சுவர் விழுந்ததாகப் போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அவளுடைய அண்ணன் மகன் இடத்தை எழுதிக் கொடுத்தான். அவள் படுத்திருந்த இடத்தில்தான் இப்போது மனோஜ்குமாரின் கட்டில் கிடக்கிறது.

புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க மனைவி நந்திதா பொள்ளாச்சி போயிருந்தாள். பெயிண்டரும் கிளம்பியதும், சுவர் காயட்டும் என்று ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். மணி ஆறு.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல், மூலைவரை போய்த் திரும்பி மறுபடி இடமாக, எந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஊறவிட வேண்டும் என்று தெரிந்த கையாக அது நகர்ந்தது. அவனுடைய கை அப்படித்தான் நகரும்.

கை நுழையாத சந்து அது.

எழுந்து ஓடிக் கதவை இழுத்தான். ஈரத்தில் உப்பிப்போன மரம் அசையவில்லை. ஜன்னல் திறக்காத கண்ணாடி. தோளால் முட்டினான். கத்தினான். தடுமாறிச் சுவரில் கை ஊன்றினான். விரல்கள் உள்ளே போயின.

செம்மண். நகக்கண்ணில் ஒரு நரைமுடி.

"நல்லா நனையோணுமுங்க தம்பி."

தண்ணீர் நின்றது. போதும் என்று அவன் அன்று ஹோஸை மடக்கியபோதும் இப்படித்தான் நின்றது.

வெள்ளைப் பெயிண்ட் தோலாக உரிந்தது. மண்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, அவன் பக்கம் சாய ஆரம்பித்தது.