மூன்றாவது அச்சு

கூடத்து மொசைக் தரையில் ஒரு கால்தடம் இருந்தது. வலது கால். கறுப்பு மண், ஈரம் காயாதது. மதுரையில் ஒரு மாதமாகச் சொட்டு மழை இல்லை. மகாலுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவில் கரிசல் மண் எங்கிருந்து வரும் என்று சௌரிராஜன் குனிந்து பார்த்தார்.

பிற்பகல் இரண்டரை மணி. கரண்ட் போயிருந்தது. முன்பு தறி போட்டிருந்த வீடு, வாசலிலிருந்து பின்கட்டுவரை ஒரே நீளம்; பக்கச் சுவர்களில் ஜன்னல் கிடையாது, அதனால் மின்விசிறி நின்றுவிட்டால் உச்சிவெயிலிலும் உள்ளே இருட்டும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், பல்லி நகர்வதுகூடக் காதில் விழும். பின்கட்டு அறையில் மனைவி வசுந்தரா தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வாசல் கதவை உள்ளே தாழிட்டது அவரேதான். இப்போதும் தாழ் அப்படியே இருந்தது.

அரசு ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் கால்தடம் பார்த்துப் பழகிய கண் அவருடையது. இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறிக் கிடந்ததை அது உடனே பிடித்துக்கொண்டது. யாருடைய கால் என்று தெரியாது. ஆனால் இந்தக் காலை அவர் பார்த்திருக்கிறார்.

தொண்ணூற்றாறில், பேரையூருக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில், பம்ப்செட் கொட்டகைக்குள் பகலில் போர்த்திப் படுத்திருந்த சோணையம்மாளை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். அவளோடு வரப்புத் தகராறு இருந்ததால் பக்கத்துக் காட்டுக்காரர் உக்கிரபாண்டியைப் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வீரணன் அனுப்பிய பெட்டியில் மூன்று பிளாஸ்டர் அச்சுகள் இருந்தன. ஒன்று, ஸ்டேஷன் முற்றத்தில் உக்கிரபாண்டியை நடக்கவிட்டு எடுத்தது. மற்ற இரண்டும் கொட்டகை வாசலில் எடுத்தவை என்று சீட்டு சொன்னது.

அந்த இரண்டில் ஒன்று உக்கிரபாண்டியின் காலோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? அதில் ஒட்டியிருந்தது செம்மண். ஸ்டேஷன் முற்றத்தில் எடுத்த அச்சில் இருந்த அதே செம்மண். உக்கிரபாண்டியின் காலை அவர் காலோடேதான் ஒப்பிடச் சொல்கிறார்கள் என்று சௌரிராஜனுக்கு அன்றைக்கே புரிந்தது. நமக்கேன் வம்பு என்று பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டுப் படம் எடுத்தார். கறுப்பு மண் அப்பிய, இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறிய மூன்றாவது அச்சை, வேடிக்கை பார்க்க வந்த எவனோ ஒருவனின் கால் என்று எழுதி ஒதுக்கினார். ஊரோடு ஒத்து வாழ் என்பது ஆய்வகத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டார்.

உக்கிரபாண்டிக்கு ஆயுள் தண்டனை. ஒன்பது வருடமாக உள்ளே இருக்கிறார். நாளைக் காலை மேல்முறையீட்டில் சௌரிராஜனையே மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்கப்போகிறார்கள்.

போன் அடித்தது.

"அண்ணே, வீரணன் பேசுறேன். நாளைக்கு அம்புட்டுப் பேரும் உங்க வாயத்தான் பாப்பாக. பழசையே சொல்லிருங்க."

"மூணாவது அச்சப் பத்திக் கேட்டா?"

"வேடிக்கை பாக்க வந்தவன் காலுன்னு நீங்கதானண்ணே எழுதுனீக? இப்ப மாத்துனா எனக்கு மட்டுமா? ரெண்டு பேரு பென்சனும் போயிரும்."

சௌரிராஜன் சிறையில் இருப்பவரை நினைத்தார். ஓய்வூதியத்தை நினைத்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

"சரி. பழசையே சொல்லிர்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். வலது தடத்துக்கு முன்னால் இடது தடம். சற்றுமுன் அது இல்லை. ஈரக் கரிசலின் வாடை, கிணற்றடிச் சேற்றின் வாடை, கூடம் முழுக்க ஏறியிருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து மண்டியிட்டார். முதல் தடத்தைத் துடைத்தார். போய்விட்டது. இரண்டாவதையும் துடைத்தார். நிமிர்ந்தபோது அறைக்குப் போகும் நடையில் மூன்றாவது. அதைத் தாண்டி நான்காவது. குதிகால் அழுந்தி, நிதானமான நடை. அவசரமே இல்லை.

எல்லாம் உள்ளே போகும் தடங்கள். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

பின்கட்டு.

"வசு?"

வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டார். மாத்திரை போட்டால் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவாள், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நடையில் ஐந்து. ஆறு. அறை வாசற்படியில் ஏழாவது, பாதி.

"நாளைக்கு உண்மையச் சொல்லிடறேன்," என்றார் மூடிய கதவைப் பார்த்து. "கொட்டகையில இருந்தது உக்கிரபாண்டி கால் இல்ல. கோர்ட்ல சொல்லிடறேன். சத்தியமாச் சொல்லிடறேன். அவள விட்டுடு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ஆள் உட்காரும் சத்தம். பிறகு படுக்கும் சத்தம்.

கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது.

வசுந்தரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. அசைவில்லை. போர்வை அவளுக்கு வேண்டியதைவிட அகலமாக மேடிட்டிருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி போட்ட இரண்டு.

அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு. கணுக்கால்வரை கறுப்புச் சேறு.

சௌரிராஜன் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சேற்றுக் காலில் ஒன்று, தூக்கத்தில் புரள்வதுபோல, மெல்ல எழுந்து வசுந்தராவின் காலின்மேல் ஏறிப் படுத்தது.