நான்காம் இடத்துப் பாட்டு

டிசம்பர் இருபதாம் தேதி காலையில் என்னுடைய ஆண்டுப் பத்தை வெளியிட்டேன். அவ்வளவு சீக்கிரம் யாரும் வெளியிடுவதில்லை. முப்பத்தொன்றாம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணி வரை நேரம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பதினொன்றே முக்காலுக்குக் காதில் மாட்டிய செவிமணியைத் தட்டி, கண்ணில் பட்ட பத்துப் பாடல்களைக் குறித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு அது ஆகாது. அந்த வருடம் இசையூற்று என்ற இயந்திரம் எனக்கென்று உண்டாக்கிய பாடல்கள் மூவாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அதில் பத்துதான் என்னோடு இருக்கும், மீதியெல்லாம் கரைந்துவிடும். அந்தப் பத்தைப் பொறுக்க நவம்பர் முழுக்க விடுப்புக் கேட்டேன், கம்பெனி தரவில்லை. லிஃப்ட் குழிகளுக்குள் நின்றுகொண்டே பொறுக்கினேன். என் பெயர் தவசீலன். கோயம்புத்தூரில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

பட்டியல் என்றால் வெறும் தலைப்புகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கம் எழுதுவேன். பத்தாவது இடம், ‘ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதே’. பாப் பாட்டு, கைதட்டலிலேயே ஓடுவது, ஒரு வாரம் விடாமல் கேட்டால் அலுத்துவிடும், எட்டாம் நாள் மறுபடி பிடிக்கும். ஏழாவது, ‘மோட்டார் அறையில் ஒரு மைனா’. இது இண்டி. ஒரு காலத்தில் இண்டி என்றால் எந்தக் கம்பெனியையும் நம்பாமல் ஆட்கள் தாங்களே போட்ட பாட்டாம். இப்போது அது செவிமணியில் ஒரு அளவு, அவ்வளவுதான். குரலில் கரகரப்பை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வைத்தால் இண்டி.

இத்தனை பாடுபட்டு எழுதினாலும் படிக்கிறவர்கள் “அருமை” என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் நாடித்துடிப்பையும் மூச்சையும் அளந்து, அந்த நேரத்து மனசுக்கு ஏற்றபடி இசையூற்று உண்டாக்குவது தற்பாட்டு. அது ஒரு காதுக்குத்தான். என் செவிமணியைக் கழற்றி வேறொருவர் காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும். ஆக, உலகத்தில் நான் ஒருவன் மட்டுமே கேட்ட பாட்டைப் பற்றி மற்றவர்கள் அருமை என்பதற்கு மேல் என்ன சொல்வார்கள்? எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் ஒரு பாட்டைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது.

அன்று மதியம் ஒரு செய்தி வந்தது. நிறைமதி, பல் மருத்துவர், சிங்காநல்லூர் என்று இருந்தது. “ஏனுங்க, ‘குடை மறந்த நாள்’ பாட்டைக் கொண்டுபோய் நாலாவது எடத்துல வச்சிருக்கீங்களே, உங்களுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

மூன்று முறை படித்தேன். கைக்குள்ளிருந்த ஸ்பேனர் நழுவி இரண்டு மாடி கீழே விழுந்தது. பைத்தியமோ என்று முதலில் தோன்றியது. அந்தப் பாட்டு எனக்குப் பிறந்தது, வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. உடனே கூப்பிட்டேன்.

“டாக்டர், அது எம்பாட்டுங்க.”

“எம்பாட்டுங்க அது. எம்பட்டியல்ல மொத எடம். விளக்கம் எழுதலாம்னு தலைப்பத் தேடுனா உங்க லிஸ்ட் வந்து நிக்குது. கடைசிக்கு முந்துன அடியில குரல் லேசா ஒடையுமுன்னு எழுதியிருக்கீங்களே, அது நெசந்தான். ஆனா நாலாவதா?”

சண்டை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவருடைய க்ளினிக்குக்குப் போனேன். நிறைமதிக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதை ஒட்டி. இரண்டும் ஒரே பாட்டுத்தானா என்று பார்க்க வேண்டும். அதற்கு இருந்த ஒரே வழி வாயால் பாடிக்காட்டுவது. எங்கள் காலத்தில் ஒருவர் முன்னால் வாய்விட்டுப் பாடுவது, பந்தியில் உட்கார்ந்து பல் குத்துகிற மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள், செய்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

“நான் தெனமும் அடுத்தவங்க வாயப் பாக்கறவ. எனக்கென்னங்க கூச்சம்?” என்று சொன்னார். ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

*குடை மறந்த நாளிலே*
*மழை என்னை மறந்ததே…*

குரல் சுமார்தான். சுருதி எங்கேயோ போனது. ஆனால் அது என் பாட்டு. எனக்குள்ளே மட்டும் இருந்த ஒன்று வெளியே இன்னொரு வாயிலிருந்து வந்தபோது, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

எப்படி நடந்தது என்று தேதியை வைத்துப் பார்த்தோம். ஜூலை ஒன்பது. மழைவெள்ளத்தால் சுரங்க ரயில் நாற்பது நிமிடம் இருட்டில் நின்ற நாள். இரண்டு பேரும் அதே பெட்டியில் இருந்திருக்கிறோம். இரண்டு பேரும் குடை எடுக்கவில்லை.

“ரெண்டு நெஞ்சும் ஒரே மாதிரி படபடன்னு அடிச்சிருக்குதுங்க. அது நம்மள ஒரே ஆளுன்னு நெனச்சிருச்சு” என்றார் நிறைமதி.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. விதிமுறைகளை எழுத்தெண்ணிப் படித்தவன் நான். ஒரே பாட்டு இரண்டு பேருடைய பத்தில் இருந்தால் அது இரட்டிப்பு. இசையூற்று அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, இருவரிடமிருந்தும் கரைத்துவிடும். சொன்னேன்.

“அப்ப ஒருத்தரு விட்டுக் குடுக்கோணும். நீங்க நாலாவதாத்தானுங்களே வச்சீங்க?”

கோபம் வந்தது. அந்த நான்காம் இடத்தின் கதை அவருக்கு என்ன தெரியும்? முதல் இடத்தில் வைத்தால் ஏன் என்று எழுத வேண்டும். அந்த இருட்டுப் பெட்டியில் இந்தப் பாட்டைக் கேட்டு நான் தேம்பி அழுதேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அதை எழுதக் கூச்சப்பட்டு, மூன்று பாடல்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரிடம் எப்படிச் சொன்னேன் என்பதும் தெரியாது.

“எனக்கும் அழுகதானுங்க,” என்றார் அவர். “ஆனா நான் மொத எடத்துல வச்சேன்.”

தைரியம் இருந்தவரிடமே பாட்டு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். “மாசக் கடைசி ஞாயித்துக்கெழம எனக்கு அதப் பாடிக் காட்டோணுமுங்க. கேட்டுட்டுப் பாடோணும். மனப்பாடமாப் பாடி ஏமாத்தக் கூடாது.” அவர் சரி என்றார். அங்கேயே என் பட்டியலிலிருந்து ‘குடை மறந்த நாளை’ நீக்கினேன், பதினோராவதாக நின்ற ஒரு பாப் பாட்டு உள்ளே வந்தது. முப்பத்தொன்றாம் தேதி பன்னிரண்டு மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பாடல்களோடு அதுவும் என்னைவிட்டுப் போனது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிறு போனேன். நிறைமதி செவிமணியை ஒருமுறை தட்டிவிட்டுப் பாடினார். கடைசி அடி, ‘நனையாமல் வந்தேன் வீட்டுக்கு’. அதை இரண்டு முறை பாடி நிறுத்தினார்.

“மூணு தடவைங்க டாக்டர்.”

“ரெண்டுதானுங்க.”

“மூணு! மூணாவது தடவையிலதான் தாளம் நிக்கும், குரல் மட்டும் வரும்.”

“எங்காதுல ஓடுதுங்க. ஒரிஜினல் யார்கிட்ட இருக்குது?”

ஒரிஜினல் அவரிடம்தான். ஆனால் வீட்டுக்குப் போகும்வரை எனக்குள் மூன்று என்றே ஓடியது. பிப்ரவரியிலும் அதே சண்டை. மார்ச்சில் இரண்டாம் சரணத்தின் வேகத்தைப் பற்றி இன்னொரு சண்டை. ஒவ்வொரு முறையும் அவர் செவிமணியைத் தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, “நான் சொன்னதுதான் சரி” என்பார். ஜெயித்த முகத்தோடு டீ போட்டுத் தருவார். அந்த ஞாயிறுகளுக்காக மாதம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடுவில் அவருடைய குரல் தேறியிருந்தது. எப்படி என்று கேட்டேன். “பேஷண்ட் மேல பாடிப் பழகறேனுங்க. வாயத் தொறந்து வச்சிருக்கறவங்க வேண்டாம்னு சொல்ல முடியாதுங்களே” என்றார். அதில் அதிகம் அகப்பட்டவர் ஆறுச்சாமி என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரே கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை என்று ஆறு தடவை வந்து, ஆறு தடவையும் முழுப்பாட்டையும் கேட்டவர். நான் பார்த்தபோதெல்லாம் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பார்.

இசையூற்று அந்த வருடமும் எனக்குப் பாடல்களை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது. நல்ல பாடல்கள். ஆனால் லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போது செவிமணியைக் கழற்றி வைத்துவிட்டு, டாக்டரின் குரலில் அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் மெல்ல முனகியும் பார்த்தேன். குழி முழுக்க எதிரொலித்தது. சட்டென்று நிறுத்திவிட்டேன்.

அடுத்த டிசம்பர் முப்பத்தொன்று. பட்டியல் எதையும் நான் வெளியிட்டிருக்கவில்லை. ஒன்பது பாடல்களைக் குறித்துவிட்டு, முதல் இடத்தை மட்டும் வெறுமையாக வைத்துக்கொண்டு காலையில் க்ளினிக்குக்குப் போனேன். ஆறுச்சாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார், புதுப் பல் பொருத்திக்கொள்ள. நிறைமதி கையுறை மாட்டியிருந்தார்.

“வந்தது நல்லதாப் போச்சுங்க. என்னோட பத்தையும் நீங்களே வரிசப்படுத்திருங்க, மணியாவுது. ஆனா இந்த வருசத்து லிஸ்ட மட்டும் பாருங்க” என்று மேசையிலிருந்த பலகைத்திரையைக் காட்டினார்.

மட்டும் என்று சொன்னதால்தான் பழையதைப் பார்த்தேன். போன வருடத்துப் பத்து. அதில் ஒன்பதுதான் இருந்தது. முதல் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. *இரட்டிப்பு, கரைக்கப்பட்டது.*

“டாக்டர், இது என்னங்க?”

அவர் திரும்பவில்லை. கருவியை மட்டும் தட்டில் வைத்தார். “போன வருசம் அதே நாள் பன்னண்டு மணிக்கே போயிருச்சுங்க. நீங்க இருவதாந் தேதியே வெளியிட்டீங்கல்ல? விதியில எங்கயும் எழுதல, ஆனா அது அப்பவே குறிச்சு வச்சிருக்குது. நீங்க அப்புறம் எடுத்தத அது கணக்குலயே எடுத்துக்கல.”

என் அவசரம். வருடா வருடம் எல்லோருக்கும் முன்னால் பட்டியலை நீட்டுகிற என் பெருமைதான் பாட்டைக் கொன்றிருக்கிறது.

“அப்ப இத்தன நாளும்?”

“மனப்பாடந்தானுங்க.”

“செவிமணியத் தட்டிக் கேட்டீங்களே?”

“சும்மா தட்டுனேன். எனக்குன்னு நீங்க விட்டுக் குடுத்தது ஒரு நாள்கூட நிக்கலன்னு எப்படிங்க சொல்லுவேன்? அப்புறம்…” என்று இழுத்தார். “சண்டையில ஜெயிக்கறதும் நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

பதினோரு மாதம் ஏமாந்திருக்கிறேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வேறொன்று குடையத் தொடங்கிவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அவர் பாடியது என்ன? அவர் மறந்த இடங்களில் அவரே ஏதாவது போட்டு நிரப்பியிருப்பார். நான் சண்டை போட்ட சில இடங்களில் சத்தமில்லாமல் மாற்றியும் இருப்பார், இரண்டாம் சரணம் மே மாதத்திலிருந்து என் வேகத்துக்கு வந்துவிட்டது இப்போதுதான் உறைத்தது. ஜூலை ஒன்பதாம் தேதி இயந்திரம் உண்டாக்கியதில் இதில் எத்தனை பங்கு மிச்சம் என்று சொல்ல உலகத்தில் யாருமே இல்லை.

மணி பதினொன்று ஐம்பது. என் பட்டியலைத் திறந்து முதல் இடத்தில் ‘குடை மறந்த நாள்’ என்று சொன்னேன். *இப்படி ஒரு பாடல் உங்கள் இருப்பில் இல்லை* என்றது. மறுபடி சொன்னேன். மறுபடியும் இல்லை என்றது. மேசைமேல் மருந்துச் சீட்டுக் கட்டு இருந்தது. ஒன்றைக் கிழித்து எழுதினேன்: *முதல் இடம், குடை மறந்த நாள். பாடியவர் நிறைமதி. போன வருடம் கேட்டு அழுதேன். இந்த வருடமும்.*

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அதை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பாட ஆரம்பித்தார், செவிமணியைத் தட்டாமல். ஜன்னல் திறந்தே இருந்தது. பாதியில் நானும் சேர்ந்துகொண்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைசி அடி வந்தது. இரண்டு முறை சேர்ந்து பாடினோம். அவர் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. தாளம் இல்லாமல் மூன்றாவது முறையும், தனியாக, முழுக்குரலில் பாடி முடித்தேன்.

நாற்காலியில் இருந்த ஆறுச்சாமி எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டோட நிறுத்தறதுதானுங்க நல்லாருக்குது” என்றார். “மூணாவது எதுக்குங்க?”

“என்னங்க இப்படிச் சொல்றீங்க? மூணாவதுதானுங்க பாட்டே!” என்று இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நான் பட்டியலைச் சமர்ப்பிக்கவே இல்லை.