காலணிக்குள் ஏறிய எடை

ஓக்னியான் சக்கர நாற்காலியில் மலையடிவார மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மதியம்தான். ஆனாலும் மூடுபனி ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றது. சோபியா நகரில் ஓடு மாற்றும்போது கூரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவன் அவன். இடுப்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

மூன்றாம் மாடி அறையில் பழைய தைலமும் ஈரச் சுண்ணாம்பும் மணத்தன. சிகிச்சையாளர் ருமியானா அவன் இரு கைகளிலும் பட்டைகளைக் கட்டி, கால்களில் கனத்த காலணிகளை மாட்டினாள். பாதம் அழுந்தினால் கைப்பட்டை அதிரும். கால்விரல்கள் அழுந்தினால் மணிக்கட்டில், குதிகால் அழுந்தினால் முழங்கையருகே.

"இனிமே கால் பேசுறத கை கேட்கும்."

"பொண்டாட்டி பேசுறதையே நான் கேட்டதில்லக்கா."

"அதான் விழுந்தீங்க." சிரித்தபடி காலணிகளை மட்டும் கழற்றிக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனாள்.

இடது முழங்கையருகே அதிர்ந்தது.

பிறகு வலது.

காலணிகள் கட்டிலடியில் வெறுமையாக, அசையாமல் கிடந்தன. எந்திரக் கோளாறு என்று நினைத்தான். ஆனால் கோளாறுக்கு நடை இருக்குமா? குதிகால், விரல், குதிகால், விரல். கூடவே பலகைத்தரை முனகியது. ஜன்னல் வரை போய்த் திரும்பியது. மறுபடி போனது. இருப்புக்கொள்ளாமல் யாரோ உலாத்தினார்கள்.

"யாரது?"

நின்றது.

இரண்டு மணிக்கட்டிலும் மட்டும் அதிர்வு. நுனிக்கால். ஜன்னல் கொக்கி தானாக விலகியது. பனி உள்ளே வந்தது.

பிறகு ஒன்றுமே இல்லை.

ருமியானா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஜன்னல யார் தெறந்தா?"

"நுனிக்கால்ல நின்னாங்கக்கா," என்று கிசுகிசுத்தான். "அப்புறம் எடையே இல்ல."

அவள் காபியை மேசையில் வைத்தாள். "இத உங்களுக்கு முன்னாடி போட்டிருந்த பொண்ணு... அவளால எழுந்து நிக்கவே முடியாது. அந்த ஜன்னல் கல்திண்டுல எப்படி ஏறிக் குதிச்சாள்னு யாருக்கும் தெரியல."

ஜன்னலைச் சாத்தினாள். அவன் கைப்பட்டைகளைக் கழற்றி, காலணிகளோடு பையில் திணித்துக்கொண்டு, "வேற ரூம் பாத்துட்டு வந்துடறேன்," என்று ஓடினாள்.

சக்கர நாற்காலியில் அவன் தனியாக இருந்தான்.

கால்விரல்களில் ஏதோ கூசியது.

கையில் பட்டை இல்லை. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுடைய சொந்த விரல்கள்! "தெரியுது... கடவுளே, தெரியுது!" கண்ணீர் முட்டியது.

என்ன தெரிகிறது என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது.

கம்பளிக் காலுறைக்குள் இருந்த பாதங்கள் நாற்காலியின் மிதிபலகையில்தான் இருந்தன. ஆனால் விரல்களுக்கு அடியில் ஈரமான, உறைந்த கல் விளிம்பு.

குதிகால்களுக்கு அடியில் எதுவுமே இல்லை.